கேட்டுத்தொடு மிஸ்ஸின் நோயாளி

கண்டி நகரத்தில் ஆணி அடிப்பதற்கு முன்னால் சுவரிடம் உத்தரவு கேட்ட ஒரே மனுசி கேட்டுத்தொடு மிஸ்தான். சும்மா சொல்லவில்லை. இந்த ஊரின் பாதிச் சுவர்களில் இருக்கிற ஆணி என் கடையில் வாங்கியது. விரலில் அடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், பெண்டாட்டி மேல் இருந்த கோபத்தை ஆணி மேல் காட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சுவரைத் தடவி, "சின்ன ஆணிதான், கொஞ்சம் வலிக்கும், அடிக்கட்டுங்களா?" என்று கேட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு நின்றவர் அவர் ஒருவர்தான்.

பதில் வந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். மிஸ் தலையை ஆட்டிவிட்டு அடித்தார். நான் சுவரைவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம், நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். மூட்டை தூக்கி, தள்ளுவண்டி தள்ளி, இன்றைக்கு மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் மாடி வைத்த ஹார்ட்வெயார் கடை. படித்த இஞ்சினியர்மார் வந்து, "முதலாளி, இந்தக் கம்பி தாங்குமா?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். நான் தாங்கும் என்றால் தாங்கும்.

மிஸ்ஸின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். அவரிடம் கேட்கவில்லை.

கம்பளைக்காரர். அரசாங்க ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டையான உருவம், வெள்ளை ரப்பர் செருப்பு, நடந்தால் சத்தமே வராது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பார். நேர்ஸ் வேலைக்குப் பிள்ளைகளைப் பழக்குகிற வகுப்பு நடத்த என் மேல்மாடியைக் கேட்டு வந்தார். படிப்பு விசயம்தானே, கொடுத்தேன். படிக்காதவன் கட்டிய மாடியில் படிப்பு நடக்கட்டுமே என்று ஒரு பெருமையும் இருந்தது.

சாமான் கொண்டுவந்த அன்றுதான் கூத்து. கடை வாசலில் த்ரீவீல் ஒன்று வந்து நின்றது. பின் ஆசனத்தில் மிஸ். அவருக்குப் பக்கத்தில், காலுக்குக் கம்பளி போர்த்தி, தலையில் குரங்குத்தொப்பி போட்டு ஒரு பெரியவர். சாரதி இறங்கி வந்து என் காதில் சொன்னான்.

"முதலாளி, அந்த ஐயாவுக்கு என்னங்க? கம்பளையிலேருந்து வர்றோம். எத்தனை குழி! ஒரு 'ஆ' கூட சொல்லல. கண்ணாடியில பாக்குறேன், என்னையவே பாத்துக்கிட்டு இருக்காரு."

என் கடையில் வேலை பார்க்கும் பாறூக் நல்ல மனுசன். கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "வாங்க ஐயா, மெதுவா எறங்குங்க" என்று கையைப் பிடித்தான். பிடித்த மாதிரியே நின்றுவிட்டான்.

"அல்லாவே! முதலாளி, மையத்து!"

பிணமில்லை. ஆளுயர ரப்பர் பொம்மை. ஏதோ ஓர் ஆஸ்பத்திரி கழித்துவிட்டதை மிஸ் கேட்டு வாங்கியிருந்தார். படுக்க வைத்தால் இடது கண் மூடும், வலது கண் மூடாது. உடம்பு மாநிறம்; வலது கை மட்டும் வேறொரு பொம்மையிலிருந்து வந்த வெள்ளைக்காரக் கை.

"இவர் ராமையா ஐயா" என்றார் மிஸ். "பக்கவாதம். பேச்சு வராது. ஆனா காது நல்லாக் கேக்கும். அதனால அவர் முன்னாடி பொம்மை கிம்மைன்னு சொல்லிறாதீங்க முதலாளி."

ராமையா ஐயாவை ஜன்னலோரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

என் கடைக்கும் மேல்மாடிக்கும் நடுவில் பழைய காலத்துப் பலகைத் தளம்தான். மேலே ஊசி விழுந்தால் கீழே கேட்கும். வகுப்பில் பெரும்பாலும் ஒரே பாடம்: அசைய முடியாத நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது. ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண் வருமாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டுமாம். அதற்கு முன்னால் உத்தரவு கேட்க வேண்டும். மிஸ்ஸுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அப்படி வந்ததுதான்.

"ராமையா ஐயா, நான் தவமணி. உங்கள இடது பக்கமாத் திருப்பப் போறேன். சரிங்களா?"

பிறகு ஓர் அமைதி. மிஸ் அதை அவ்வளவு சீக்கிரம் விடமாட்டார். பதில் சொல்ல நேரம் கொடுக்க வேண்டுமாம். அந்த அமைதி பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். கம்பி வெட்டுகிறவன் வெட்டமாட்டான். பெயின்ட் வாளியைத் தூக்கிய ஆள் தூக்கியபடி நிற்பான். என் கடை முழுவதும் முகட்டைப் பார்த்துக்கொண்டு, வராத ஒரு குரலுக்குக் காத்திருக்கும். ஒருநாள் சீமெந்து வாங்க வந்த கட்டுகஸ்தோட்டை மேசன் பாஸ் ஒருவர், தாங்க முடியாமல் மேலே பார்த்து, "ஹரி, ஹரி!" என்று சிங்களத்தில் சரி சொல்லிக் கத்தினார். மேலே உடனே கட்டில் கிரீச்சிட்டது. பாஸ் மிச்சக் காசுகூட வாங்காமல் போய்விட்டார்.

தெருவிலே வேறு கதை. ஜன்னலில் ஒரு நேரம் முகம் தெரியும், ஒரு நேரம் முதுகு தெரியும். முகம் தெரிகிற நேரம் அந்த மூடாத கண்ணும் தெரியும். நான் பக்கவாதம் வந்த அண்ணனை மாடியில் பூட்டி வைத்திருக்கிறேன் என்றார்கள். அண்ணன் இல்லை, அப்பன் என்றார்கள். பகல் பெரஹரா ஊர்வலத்தன்று என் தெருமுனையில் யானைகள் போக, சனங்கள் என் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு யானையும் நிமிர்ந்து பார்த்து நடையை நிறுத்தியது என்று பாறூக் இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறான். அவனை நான் நம்புவதில்லை. ஆனால் அந்த யானை நின்றதை நானும் பார்த்தேன்.

மிஸ்ஸிடம் சண்டைக்குப் போவேன். அவர் என்னையே நோயாளி ஆக்கிவிடுவார்.

"முதலாளிக்குச் சீனி வருத்தம், டயபிட்டீஸ் இருக்குதுல்ல? காலைத் தினமும் பாக்குறீங்களா?"

"மிஸ், காலைப் பாத்து நடந்திருந்தா நான் இந்த எடத்துக்கு வந்திருப்பேனா? நிமிந்து நடந்தவன் நான்."

"ராமையா ஐயாவும் அப்படித்தான் சொன்னாரு" என்பார். அவருடைய இடது குதிகாலைத் தூக்கிக் காட்டுவார். அங்கே சிவப்பு நகப்பூச்சால் ஒரு புண் வரைந்து வைத்திருந்தார். திருப்புகிறபோது பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கப் பழகுவதற்காம். நல்ல கைவேலை. பார்க்கிறபோதே எனக்குக் கால் கூசும்.

இதையெல்லாம் பொறுத்தேன். பொறுக்க முடியாதது பௌர்ணமி விடுமுறையில், போயா நாளில் நடந்தது. போயாவுக்கு வகுப்பில்லை, என் கடையும் பூட்டு. மேல்மாடிச் சாவி என் இடுப்பில். முதல்நாள் பூட்டுகிறபோது ராமையா ஐயா சுவரைப் பார்த்துக் கிடந்தார். போயா அன்று கணக்குப் பார்க்க வந்து, வாசலில் நின்று நிமிர்ந்தால் தெருவைப் பார்த்துக் கிடக்கிறார். அடுத்த விடுமுறையிலும் அப்படித்தான். பி.வி.சி. குழாய் வைக்கிற அறையும் மேலேதான். பாறூக் இனி அங்கே கால் வைக்கமாட்டேன் என்றுவிட்டான்.

"நான் போகமாட்டன் முதலாளி. புள்ளகுட்டிக்காரன். அது தானாத் திரும்புது."

"ரப்பர் எங்கயாவது தானாத் திரும்புமாடா?"

"அப்ப நீங்க போய் எடுங்களன்."

நான் எதற்கும் பயந்தவன் இல்லை. அடுத்த போயாவுக்கு மழை. பட்டப்பகலில் தெருவெல்லாம் மூட்டம். கையில் ஒரு முக்கால் அங்குலக் கம்பி எடுத்துக்கொண்டேன், துருப்பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். படியேறிக் கதவைத் திறந்தேன். இருட்டு. கட்டிலில் அந்தக் கண். கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் அசையாமல் இன்னோர் உருவம். அதன் காலடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"உஷ்" என்றது அந்த உருவம். "சத்தம் போடாதீங்க முதலாளி. இப்பத்தான் கண் அசந்தாரு."

கம்பி கையிலிருந்து விழுந்தது. என் காலில் விழுந்திருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

ஒவ்வொரு விடுமுறைக்கும் மிஸ் கம்பளையிலிருந்து பஸ் பிடித்து வந்து, பின்படியால் ஏறி, பகல் முழுவதும் அங்கே உட்கார்ந்து ராமையா ஐயாவைத் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார். கீழே பூட்டிய கடைக்குள் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களிலும் மேலே அவர் இருந்திருக்கிறார். அந்த ரப்பர் செருப்பு ஒரு சத்தம் காட்டவில்லை. மறுசாவி? என் கடையிலேயே, என் மெஷினிலேயே, எந்தப் பூட்டுக்கு என்று கேட்காமலே பாறூக்தான் வெட்டிக் கொடுத்திருக்கிறான்.

"மிஸ், யாருமே பாக்காத நேரம் ஒரு ரப்பரை எதுக்குத் திருப்பணும்?"

"ஆள் பாக்கும்போது மட்டும் திருப்புனா அது நேர்ஸிங் இல்ல முதலாளி, நாடகம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயந்ததைப் பார்த்துவிட்டாரே என்பதும் அதில் சேர்த்தி. "இந்த மாசத்தோட எடத்தைக் காலி பண்ணிருங்க" என்றேன்.

மிஸ் கெஞ்சவில்லை. "சரிங்க. மேட்ரன் வந்துட்டுப் போற வரைக்கும் மட்டும் பொறுங்க" என்றார்.

அப்போதுதான் முழு விசயமும் தெரிந்தது. வகுப்பு தொடங்கியபோது மாடி நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். பாதிப் பேர் படிப்பின் நடுவிலேயே வெளிநாட்டுக்கு, வயசானவர்களைப் பார்க்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். கூட இருந்த டீச்சர்மார் இருவர் அதற்கும் முன்னாலேயே பிளேன் ஏறிவிட்டார்கள். மிஞ்சியது மூன்று பிள்ளைகள். அவர்கள் இன்னும் உயிருள்ள ஒரு நோயாளியையும் தொட்டதில்லை. எந்த ஆஸ்பத்திரியும் வாட்டுக்குள் விடவில்லை. இருக்கிற நேர்ஸ்மாருக்கே மூச்சுவிட நேரமில்லை, உங்கள் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டார்களாம். வாட்டில் பழகாமல் பத்திரம் கொடுத்தால் அதைச் சட்டம் போட்டு மாட்டலாம், வேறொன்றுக்கும் ஆகாது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மேட்ரன், சிங்கள அம்மா, கண்டிப்பானவர், நேரில் வந்து பார்த்துப் பிடித்தால் தன் வாட்டில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் வகுப்பு அதோடு முடிந்தது.

மற்ற இருவருக்கும் போக வேறு வழி இருந்தது. தவமணிக்கு இல்லை. அவள் என் தெல்தோட்டைப் பக்கத்துப் பிள்ளை, தாய் கொழுந்தெடுக்கிறவள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாததால் கலைப்பிரிவில் படித்தவள். அரசாங்க நேர்ஸிங் கல்லூரிக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது. ஆங்கிலப் பாடத்தை மனப்பாடம் பண்ணி, வாட்டில் பேசச் சிங்களத்தை பஸ்ஸில் பழகி, என் மாடிவரை வந்து நிற்கிறாள்.

"திருப்புறதுக்கு மெஷின் வேணாம், மருந்து வேணாம்" என்றார் மிஸ். "ரெண்டு கை போதும் முதலாளி. அந்த ரெண்டு கைதான் இப்ப எயார்போட்டுல வரிசையில நிக்குது. இருக்குற கையவாவது நான் பழக்கிட்டுப் போறேன்."

மேட்ரன் வருகிற காலையில் மேலே 'டப்' என்று ஒரு சத்தம். ஓடிப் பார்த்தேன். எத்தனை முறைதான் திரும்புவார் மனுசன்? வெள்ளைக்காரக் கை தோளோடு கழன்று தரையில் கிடந்தது, விரல்கள் என்னைக் கூப்பிடுகிற மாதிரி. பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். படியில் மேட்ரனின் சப்பாத்துச் சத்தம்.

மிஸ் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சீமெந்து பிடிக்குமா என்று நான் மணலைப் பார்க்கிற பார்வை.

"முதலாளி, ஏறிப் படுக்குறீங்களா?"

"நானா?"

"பக்கவாதம். பேசக் கூடாது, அசையக் கூடாது. முடியுமா?"

முடியுமா என்று என்னிடம் ஒருவர் கேட்டால் அங்கேதான் நான் விழுவேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன். ராமையா ஐயாவை மூலையில் கதிரையில் உட்கார வைத்து, கழன்ற கையை அவர் மடியில் வைத்தார்கள்.

மேட்ரன் வந்தார். என்னைப் பற்றி மிஸ் சொன்னார். இருவரும் எனக்கு மேலே சிங்களத்தில் என்னைப் பற்றியே பேசினார்கள்: வயது, பருமன், வயிறு. என்னிடம் ஒரு சொல் இல்லை. நான் போட்ட முகடு அது. கீழே கிடந்து அதைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. யாரோ ஒருவருடைய வீட்டு முகடு மாதிரி இருந்தது.

முதல் பிள்ளை பதற்றத்தில் ஒன்றும் கேட்காமல் என் தோளில் கை போட்டு ஒரே புரட்டாகப் புரட்டினாள். இந்தக் கையால் எத்தனையோ சீமெந்து மூடை புரட்டியிருக்கிறேன். மூடைக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாவது பிள்ளை கேட்டாள், ஆனால் கேட்டுக்கொண்டே புரட்டினாள். மேட்ரன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

பிறகு ஒரு குரல் காதுக்குப் பக்கத்தில். "ஐயா, நான் தவமணி. உங்கள இடது பக்கமாத் திருப்பப் போறேன். சரிங்களா?"

அந்த அமைதி வந்தது. இத்தனை காலம் கீழே இருந்து கேட்ட அதே அமைதி. இப்போது நான் அதற்கு உள்ளே கிடந்தேன். பலகைக்குக் கீழே என் கடை அடங்கிவிட்டது எனக்குக் கேட்டது. சரி என்று சொல்லத் தோன்றியது. சத்தியமாகச் சொல்கிறேன், மிஸ் பேசாதே என்றதற்காக நான் பேசாமல் இருக்கவில்லை. நாக்கு எழும்பவில்லை. கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மூலையில் ராமையா ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பழகியவர் புதிதாக வந்தவனைப் பார்க்கிற மாதிரி.

"அவர் பேசமாட்டார்தானே, வேலையைப் பார்" என்றார் மேட்ரன் சிங்களத்தில்.

தவமணி அசையவில்லை. குனிந்து என் கண்ணைப் பார்த்தாள். "கொஞ்சம் பயப்படுறாரு மேடம்" என்றாள், அவளுடைய பஸ் சிங்களத்தில். "ஒண்ணுமில்லீங்க ஐயா. மெதுவாத்தான். நான் பிடிச்சுக்கிறேன்."

என் கண் தானாக மூடித் திறந்தது.

"சரின்னுட்டாரு" என்றாள். திருப்பினாள். தண்ணீரில் திரும்புகிற மாதிரி இருந்தது. முதுகைப் பார்த்தாள், இடுப்பைப் பார்த்தாள், காலைத் தூக்கினாள். அங்கே நின்றுவிட்டாள்.

"மிஸ்... ஐயாவோட எடது குதிகால்ல புண் இருக்கு. உள்ளுக்க ஏதோ ஏறியிருக்கு."

"அது ராமையா ஐயாவுக்குடீ" என்று இன்னொருத்தி கிசுகிசுத்தாள்.

"இல்ல. இது வலிக்கணும். இவருக்கு வலிக்கல."

மிஸ் வந்து பார்த்தார். மேட்ரன் வந்து பார்த்தார். என் கடையில் விற்ற ஆணிதான், செருப்பைத் துளைத்து ஏறி, முறிந்து, எத்தனை நாளாக உள்ளே இருந்ததோ! சீனி வருத்தக்காரனுக்குக் கால் நோவைச் சொல்லாதாம். சுற்றிவரக் கறுக்கத் தொடங்கியிருந்தது. நகப்பூச்சுப் புண் இருந்த அதே கால், அதே இடம். நான் எழும்பி உட்கார்ந்தேன். நாக்கு திரும்பி வந்துவிட்டது.

"இது ஒரு புண்ணா? மஞ்சள் வச்சாச் சரியாயிரும். நான் யாரு தெரியும்தானே..."

அப்போது நடந்ததுதான் ஊர் நம்பாதது. சுவரிடம் கேட்டவர், ரப்பரிடம் கேட்டவர், கேட்டுத்தொடு மிஸ், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொலரைப் பிடித்தார். சத்தம் கேட்டுப் பயத்தை மறந்து படியேறி வந்திருந்தான் பாறூக். "பாறூக், மத்தப் பக்கம் பிடி!" என்றார். மூடையைப் போலவே இறக்கி த்ரீவீலில் திணித்தார்கள்.

"கேக்காமத் தொடுறீங்களே மிஸ்!"

"உங்ககிட்ட கேட்டா பதில் வேற சொல்லுவீங்க. வாய மூடுங்க."

இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கால் போயிருக்கும் என்றார் டொக்டர். கால் இருக்கிறது, இந்த ஊரில் இந்த வயதில் இப்படி நடக்கிற ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். மேட்ரன் மறு வாரமே மூவருக்கும் வாட்டைத் திறந்துவிட்டார். முதலில் தவமணியின் பெயரைத்தான் கூப்பிட்டாராம்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாடியேறிப் பார்த்தபோது ராமையா ஐயாவின் குதிகாலில் அந்தச் சிவப்பு இல்லை. "யாரு துடைச்சது?" என்றேன்.

"ஆறிப்போச்சு முதலாளி" என்றார் மிஸ், சேலைன் குப்பியைத் துடைத்துக்கொண்டே. இடத்தைக் காலி பண்ணச் சொன்னதை நானும் மறந்துவிட்டேன், அவரும் நினைவுபடுத்தவில்லை.

வகுப்பு பிறகு எப்படி நின்றது? வாட்டு கிடைத்தது, படிப்பிக்க ஆள் கிடைக்கவில்லை. மிஸ் தனியாளாக இழுத்தார். தவமணி இப்போது கண்டியில்தான் வாட்டில் நிற்கிறாள்; அவளும் பாஸ்போட் எடுத்துவிட்டதாகக் கேள்வி. குறை சொல்ல நான் யார்? நானும் தோட்டத்தை விட்டு ஏறி வந்தவன்தானே. கடைசியில் மிஸ்ஸையே பிளேன் கூப்பிட்டது. இங்கே வயது போய்விட்டது என்று அனுப்பிய மனுசியை, வெளிநாட்டில் ஒரு நேர்ஸிங் பள்ளிக்கூடம் படிப்பிக்க வா என்றது.

போகிற அன்று கட்டிலோரம் நின்று, "ராமையா ஐயா, நான் போய்ட்டு வரட்டுங்களா?" என்று கேட்டார். காத்திருந்தார். கீழே வாகனம் ஹோர்ன் அடித்தது. மிஸ் நகரவில்லை.

"பதில் சொல்லமாட்டேங்குறாரு முதலாளி."

"நீங்க போய்ட்டு வாங்க மிஸ். நான் அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்றேன்.

கழன்ற கையை என் கடைப் பசையால் நானே ஒட்டினேன்; அது இனி உலகம் அழிந்தாலும் கழலாது. மாடியைக் கேட்டு ட்யூஷன்காரன் வந்தான், போன் கடைக்காரன் வந்தான். ஆள் இருக்கிறது என்றுவிட்டேன். போயா நாளிலும் கடைக்கு வருகிறேன். பின்படியால் ஏறுகிறேன். அண்மையில் வெள்ளை ரப்பர் செருப்பு ஒன்று வாங்கியிருக்கிறேன், காலுக்கு நல்லது. "ராமையா ஐயா, நான்தான். வலது பக்கமாத் திருப்பப் போறேன். சரிங்களா?" என்கிறேன். கடை திறந்திருக்கிற நாளென்றால், கீழே பாறூக் மெஷினை நிறுத்திவிடுகிறான். தெருவில் யார் நிமிர்ந்து பார்த்தால் எனக்கென்ன? பதிலுக்குக் காத்திருந்துவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

மிஸ் திரும்பி வந்து பார்க்கிறபோது ராமையா ஐயா முதுகில் ஒரு புண் இருக்கக் கூடாது.